எய்கான்தோ, கியோத்தோ: திரும்பிப் பார்க்கும் புத்தரின் கோயில்

ஜப்பானின் கியோத்தோ நகரில், கிழக்கு மலையடிவாரத்தில் இருக்கும் எய்கான்தோ கோயிலுக்குச் சாதாரண நாட்களில் நுழைவுக் கட்டணம் 600 யென். இலைகள் சிவக்கும் நவம்பர் மாதத்தில் நாங்கள் சென்றபோது பகல் நேரத்துக்கு ஆளுக்கு 1000 யென் கொடுத்தோம். அந்தக் கூடுதல் தொகை தகுமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகத் தகும் என்பதே என் பதில். ஆனால் அதற்குக் காரணம் இலைகள் மட்டும் அல்ல.

கெயாகே சுரங்க ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடைதான். முழங்கால் வலி உள்ள என் மனைவிக்கு அது அரை மணி நேரம் ஆயிற்று. ஏறத்தாழ 3000 மேப்பிள் மரங்கள் உள்ள வளாகம் என்பதால் நவம்பர் பிற்பாதியில் கூட்டம் நெரியும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு, வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. காலைப் பனியில் நனைந்த இலைகளின் மேல் சாய்வாக வெயில் விழும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடானது பிறகு கிடைப்பதில்லை.

குளக்கரையில் கிடந்த ஓர் இலையை என் மனைவி எடுத்து உள்ளங்கையில் விரித்து வைத்தாள். குழந்தையின் கையளவுகூட இல்லை; ஏழு விரல்கள், விரல் நுனிகளில் கருஞ்சிவப்பு, காம்பருகே இன்னும் சிறிது பச்சை. இந்த வகை மேப்பிளுக்கு ஜப்பானியர்கள் 'இரோஹா மொமிஜி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலையின் விரல்களை இ, ரோ, ஹா என்று பழைய எழுத்து வரிசைப்படி எண்ணியதால் வந்த பெயர் அது. அந்த எழுத்து வரிசையோ, ஒவ்வோர் எழுத்தும் ஒரே முறை வரும்படி அமைந்த ஒரு பழம்பாடல். மலர்ந்த நிறம் உதிர்ந்துவிடும், இவ்வுலகில் நிலைப்பவர் யார் என்று தொடங்குவது. எழுத்தை எண்ணக் கற்கும்போதே நிலையாமையையும் எண்ணப் பழகிய மக்கள் இந்த மரத்துக்கு வேறு என்ன பெயர் வைத்திருக்க முடியும்!

இலை சிவப்பதன் காரணத்தை அறிந்த பிறகு அதன் மேல் எனக்கு மதிப்பு கூடியது. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் பச்சையத்தைப் பராமரிப்பதை நிறுத்தி, இலையிலுள்ள தழைச்சத்தைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் தெரிகிற மஞ்சள் முன்பே உள்ளே இருந்தது. சிவப்பு அப்படியல்ல, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு, உதிரப்போகும் நாட்களில் புதிதாக உண்டாக்கப்படுவது. சத்தைத் திருப்பி அனுப்பி முடிக்கும்வரை வெயில் இலையைச் சுட்டுவிடாமல் அந்தச் சிவப்பு காக்கிறது என்பது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. நம் ஊரில் இலையுதிர்வது மாசி, பங்குனியில். அரசமரம் மொட்டையான சில நாட்களிலேயே துளிர்த்துவிடுவதால், உதிர்வதை நின்று பார்க்க நமக்கு அவகாசம் இருப்பதில்லை. இங்கே அடுத்த துளிருக்கு நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கோயிலைத் தேடிப் போக வேண்டியது அமிதாப மண்டபத்தில் இருக்கும் சிலைக்காக. 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த அமிதாப புத்தர் நம்மை நேராகப் பார்ப்பதில்லை. நின்ற நிலையில், இடத்தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். 853இல் நிறுவப்பட்ட இக்கோயிலின் முறையான பெயர் ஜென்ரின்ஜி. பதினொன்றாம் நூற்றாண்டில் இங்கு தலைமைத் துறவியாக இருந்த யோகானின் பெயருக்குரிய ஜப்பானிய எழுத்துகளை வேறு விதமாக வாசிப்பதே எய்கான் என்று ஆயிற்று. இவர் நோயாளிகளுக்குப் பழம் கொடுப்பதற்காகப் பிளம் மரம் வளர்த்தவர் என்கிறார்கள். 1082ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் குளிரில் அவர் அமிதாபரின் நாமத்தைச் சொல்லியபடி பீடத்தை வலம் வந்துகொண்டிருந்தபோது, சிலை பீடத்திலிருந்து இறங்கி அவருக்கு முன்னால் நடந்ததாம். அவர் திகைத்து நின்றுவிட, புத்தர் தலையைத் திருப்பி, "யோகான், தாமதமாகிறதே" என்றாராம்.

சன்னதிக்கு நேரே நின்றால் முகம் முழுதாகத் தெரியாது. வலப்பக்கமாகச் சென்று நின்றால்தான் அந்தப் பார்வை நம் மேல் விழும். கண்டிப்பு சிறிதும் இல்லாத முகம் அது. பின்தங்கியவனை விட்டுவிட்டுப் போக மனமில்லாத முகம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக எந்தத் தெருவிலும் நாலடி முன்னால் நடந்து பழகிய நான், அதன் எதிரே வெகு நேரம் நின்றேன். எங்கள் இருவரில் யாரோ ஒருவர் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும் என்பதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று என் மனைவி, "இவர் நிக்கிறாரே, அது போதும்" என்று மட்டும் சொன்னாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்டபங்களுக்குள் காலணியைக் கழற்றி நடக்க வேண்டும், மரத்தரை சில்லிடும். தடிமனான காலுறை அவசியம். மலைச்சரிவில் பாம்புபோல வளைந்தேறும் கார்யூரோ என்ற மரப்படிக்கட்டு அழகானது, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏற வேண்டும். மேலே தஹோதோ கோபுரம் வரை சென்றால் சிவந்த மர உச்சிகளுக்கு அப்பால் நகரம் தெரியும். நாங்கள் அதுவரை ஏறவில்லை. விளக்கொளியில் தோட்டத்தைப் பார்க்கும் மாலைக் காட்சிக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். பகலில் வந்தவர்கள் வெளியேறி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் பகலையே தேர்ந்தெடுங்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் அமிதாப மண்டபத்தைப் பார்த்துவிட்டு, பிறகு குளக்கரைக்கு வந்து உட்காருங்கள். அங்கே இலை தண்ணீரில் விழுவதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.