பினாங்கா, லங்காவியா? இருட்டிய பிறகு தெரியும் வித்தியாசம்

விசா வேண்டாம், 30 நாள் தங்கிக்கொள்ளலாம் என்று 2023 டிசம்பரிலிருந்து மலேசியா நமக்குக் கதவைத் திறந்துவிட்டதும், எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி ஒன்றேதான். “கோலாலம்பூர் பார்த்தாச்சு, இன்னும் நாலு நாள் இருக்கு. பினாங்கு போகட்டுமா, லங்காவி போகட்டுமா?” ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விமானத்தில் அரை மணி நேரம்தான். வெயிலும் புழுக்கமும் மழையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பினாங்குக்கு மூன்று முறையும் லங்காவிக்கு இரண்டு முறையும் போயிருக்கிறேன், அதில் ஒரு முறை சுத்த சைவமான அம்மாவோடு.

கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “ராத்திரி ஏழரைக்கு மேல என்ன பண்றதா உத்தேசம்?”

ஏழரை என்பதற்குக் காரணம் உண்டு. சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒத்துப்போக வேண்டும் என்று 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் இந்த இரண்டு தீவுகளிலும் சூரியன் சாவகாசமாக ஏழேகால், ஏழரைக்குத்தான் இறங்கும். பகலில் பார்க்க இரண்டு தீவுகளிலுமே நிறைய இருக்கிறது, எங்கே போனாலும் ஏமாற மாட்டீர்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் ஒன்று கண்விழிக்கும், மற்றது காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

மலைக்கு மலை

இரண்டிலும் மலையேற்றம் உண்டு, நடக்காமல். பினாங்கு மலை 830 மீட்டர் சொச்சம். 1920-களிலிருந்து இழுவை ரயில் ஓடுகிறது. இப்போதுள்ள வண்டி விறுவிறுவென்று ஏறி, கீழே வழிந்த வியர்வை காய்வதற்குள் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். உச்சியில் ஒரு முருகன் கோயிலும் பக்கத்திலேயே ஒரு மசூதியும் உண்டு. மாலை ஐந்தரைக்கு ஏறி, கீழே பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துவிட்டு இறங்குவதுதான் கணக்கு. பள்ளி விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். வரிசையைப் பார்த்தால் திருப்பதி ஞாபகம் வரும்.

லங்காவியில் மச்சின்சாங் மலைக்குக் கேபிள் கார். உச்சி 708 மீட்டர்தான், ஆனால் ஏறுகிற செங்குத்து வயிற்றைக் கலக்கும். மேலே ஒற்றைத் தூணிலிருந்து கம்பிகளில் தொங்கும் 125 மீட்டர் நீள வளைந்த பாலம், அதன் நடுவில் நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் அந்தமான் கடல். காட்சியை மட்டும் வைத்துச் சொன்னால் லங்காவிக்கே என் ஓட்டு. ஆனால் காற்றடித்தாலோ இடி இடித்தாலோ வண்டியை நிறுத்திவிடுவார்கள். முதல் முறை ஒன்றரை மணி நேரம் கீழே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றதுதான் மிச்சம். காலையில் முதல் ஆளாகப் போய் நிற்பது நல்லது.

கடல் வேண்டுமா, தெரு வேண்டுமா

பினாங்கில் கடலுக்காகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுவேன். பத்து பெரிங்கி கடற்கரையில் மணல் பரவாயில்லை, தண்ணீர் கலங்கல். நம் மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

லங்காவி அப்படியில்லை. சின்னதும் பெரிதுமாக 99 தீவுகள் சேர்ந்த கூட்டம் அது. சுண்ணாம்புக் குன்றுகள் கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். 2007-இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆனதும் அந்தப் பாறைகளால்தான். கிலிம் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனால் வௌவால் குகை, மிதக்கும் மீன் பண்ணை, தலைக்கு மேலே வட்டமிடும் செம்பருந்துகள். லங்காவி என்ற பெயரே அந்தப் பறவையிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். குவா துறைமுகத்தில் 12 மீட்டர் உயரத்துக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே பறவைதான். அம்மா படகில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டார், படகோட்டிக்குச் சிரிப்பு. தண்ணீர் மாலத்தீவுப் படங்களில் வருவதுபோலக் கண்ணாடியாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள், பாசிப்பச்சை நிறம்தான். ஆனாலும் குளிக்கலாம், குழந்தைகளை விடலாம்.

பினாங்கின் பலம் தெரு. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தைச் சுற்றி வளர்ந்த ஜார்ஜ் டவுன், 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே சுலியா தெரு என்றொரு தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களைச் சுலியாக்கள் என்றார்கள், அவர்கள் பெயர்தான் அது. அதில் நடந்தால் நாகூர் தர்காவின் சின்ன நகல் ஒன்று திடீரென்று எதிரே நிற்கும். சற்றுத் தள்ளி கப்பித்தான் கிளிங் மசூதி, அதே வட்டாரத்தில் குயின் தெரு மகா மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் இன் கோயில். பத்து நிமிட நடைக்குள் சாம்பிராணி, ஊதுவத்தி, பாங்கு எல்லாம் வந்துவிடும். 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஆர்மேனியன் தெருச் சுவரில் இருக்கிறார்கள், அதன்முன் படம் எடுக்க நிற்கும் கூட்டத்தைத் தாண்டிப் போவதுதான் பெரும்பாடு. எனக்கு அதைவிடப் பிடித்தது சியூ குலத்தாரின் படகுத்துறை. கடல்மேல் கால் ஊன்றிய மரவீடுகள், பலகைப் பாதை, வாசலில் காயும் துணிகள். அங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

சாப்பாடு: இதில் போட்டியே இல்லை

பினாங்கில் முதலில் நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் காவடிபோல் கம்பு வைத்துச் சுமப்பது. ஒரு பக்கம் சோற்றுப்பானை, மறுபக்கம் குழம்புப்பானை என்று தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்து விற்ற சோறு இது. இன்று கடையில் வரிசையில் நிற்க வேண்டும். நம் முறை வந்ததும் தட்டில் சோறு, ஒரு வெண்டைக்காய், கேட்ட கோழித்துண்டு. அதற்கப்புறம்தான் வித்தையே. அந்த அண்ணன் ஒரு கரண்டியை எடுத்து மீன்குழம்பில் முக்கி ஊற்றுவார், அடுத்து ஆட்டுக்கறிக் குழம்பு, அடுத்து கணவாய்க் குழம்பு, கடைசியில் கறுப்பாக ஒன்று. நாலைந்து குழம்பு கலந்து சோறு முங்கிவிடும். அதை வேண்டும் என்று கேட்க ‘பஞ்சிர்’ என்று சொன்னால் போதும், மலாயில் வெள்ளம் என்று பொருள். முதல் முறை எனக்கு மனசு ஒப்பவில்லை, குழம்பைக் கலப்பதாவது! மூன்றாவது வாயில் சமாதானமாகிவிட்டேன். விலை தட்டைப் பார்த்துச் சொல்வார்கள். ராட்சத இறால், மீன்சினை எடுப்பதாக இருந்தால் “எத்தனை வெள்ளி?” என்று தமிழிலேயே முதலில் கேட்டுவிடுங்கள். ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு சீனர் கடைகள். சார் குவே தியாவ், அதாவது தட்டை அரிசிச் சேமியாவை இறால், மட்டி, முளைப்பயறு போட்டு ஒவ்வொரு தட்டாக வறுத்துத் தருவது. அசாம் லக்சா, புளியும் கானாங்கெளுத்தி போன்ற மீனும் கரைந்த குழம்பில் கொழகொழ சேமியா, மேலே புதினாவும் அன்னாசியும். நம் மீன்குழம்பு நாக்குக்கு இது உடனே பிடிபடும். வெயிலுக்குச் செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை இழைகள். ஒரே கூரைக்குக் கீழே பத்துக் கடை இருக்கும். எங்கே வேண்டுமானாலும் சொல்லிவிட்டு மேசையில் உட்காரலாம், கொண்டுவந்து தருவார்கள். குடிக்க மட்டும் தனி ஆள் வந்து கேட்பார், ஒன்றும் வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். ஒரு ‘கோப்பி ஓ’, அதாவது பால் சேர்க்காத காப்பி, சொல்லிவிடுவது மரியாதை.

சைவர்கள் கவனிக்க: கீரைதானே என்று வாங்கினால் அது பெலாச்சான் என்கிற இறால் விழுதில் வதங்கியிருக்கும். சார் குவே தியாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் பினாங்கில் அம்மா ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் இலைச்சாப்பாடு, இட்லி, தோசை எல்லாம் உண்டு. பௌத்தர்களின் சைவக் கடைகளில் கோழிபோலவே செய்த சோயாவைப் பார்த்துத்தான் கொஞ்சம் மிரண்டார்.

லங்காவியில் சுட்ட மீன் நன்றாக இருக்கும், விலையும் நன்றாகவே இருக்கும். பந்தாய் செனாங் கடற்கரைச் சாலையில் உள்ளவை பெரும்பாலும் சுற்றுலாக்காரர் நாக்குக்கு மழுக்கிய உணவகங்கள். அங்கே உருப்படியாகச் சாப்பிட வேண்டுமானால் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைதான் வழி. தினம் ஒரு ஊரில் கூடும்: புதன், சனி குவாவில், வியாழன் தெமோயோங்கில், ஞாயிறு பாடாங் மட்சிராட்டில். குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தே, கறியும் முட்டையும் வைத்து மடித்த ரொட்டியான முர்தபா, வேர்க்கடலை வைத்து மடித்த ஆப்பம் பாலிக் எல்லாம் சூடாகக் கிடைக்கும்.

ஏழரைக்கு மேல்

பினாங்கில் ஏழரைக்குச் சுலியா தெருவோரம் தள்ளுவண்டிகளில் அடுப்பு மூட்டுவார்கள். லவ் லேனில் சின்னச் சின்ன பார்கள், வாசலிலேயே நாற்காலி. இளசுகள் அங்கே, குடும்பங்கள் கர்னி டிரைவ் சாப்பாட்டுக் கடைகளில், இரண்டுமில்லாதவர்கள் மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம்களின் கடையில் தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு கால்பந்து பார்ப்பார்கள். தைப்பூசத்துக்குப் போக வாய்த்தால் வேறு கேளிக்கை எதுவும் தேவையில்லை. தங்க ரதமும் வெள்ளி ரதமும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து தேங்காய் உடைப்பார்கள், 513 படி ஏறினால் பாலதண்டாயுதபாணி.

லங்காவியில் ராத்திரி என்றால் செனாங் கடற்கரை ஒன்றுதான். மணலில் பஞ்சுமூட்டைபோல மெத்தை போட்டிருப்பார்கள், ஒருவர் தீப்பந்தம் சுழற்றுவார், பாட்டு ஓடும். 1987-லிருந்து வரியில்லாத் தீவு என்பதால் பினாங்கில் ஒரு பியர் குடிக்கிற காசுக்கு இங்கே கடையில் இரண்டு, மூன்று கேன் வாங்கலாம். சாக்லேட்டும் மலிவு. உள்ளூர் மலேசியர்களோ பீங்கான் தட்டு, கண்ணாடிப் பாத்திரம் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறார்கள். செனாங்கைத் தாண்டிவிட்டால் தவளைச் சத்தம்தான். எனக்கு இரண்டாவது நாளே கை பரபரத்தது. என் மனைவிக்கோ அதுதான் சொர்க்கம், பால்கனியில் உட்கார்ந்து விடியற்காலையில் இருவாச்சி பறப்பதைப் பார்த்ததை இன்றும் சொல்வாள்.

போக்குவரத்தில் ஒரு எச்சரிக்கை. பினாங்கில் 101, 204 பேருந்துகளே பாதி வேலையை முடித்துவிடும். லங்காவியில் நம்பிப் போகும்படி பேருந்து இல்லை. ஸ்கூட்டரோ காரோ வாடகைக்கு எடுத்தால்தான் தீவு விரியும். நான் எடுத்த கடையில் பாஸ்போர்ட்டை அடகு கேட்டார்கள். கொடுக்காமல் முன்பணம் கட்டினேன். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்கு ஐம்பது வெள்ளி கேட்டார்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவைத்திருந்ததால் தப்பித்தேன்.

சின்னக் குழந்தை, புதுமணத் தம்பதி, போனை அணைத்துவிட்டுப் படுக்க நினைப்பவர் என்றால் லங்காவி. கூட்டாளிகள், வயதான பெற்றோர், வாய்க்கு ருசி தேடுகிறவர் என்றால் பினாங்கு. ஆறு நாள் இருந்து இரண்டுக்குமே போவதானால் லங்காவியை முதலில் வையுங்கள். பினாங்கில் மூன்று நாள் தின்றுவிட்டு லங்காவியில் போய் இறங்கினால், அந்தச் சுட்ட மீன் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கும்.