டூம்ஸ்டோனுக்கு ஆர்.வி.யில் போன கதை: வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்கவும்

மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதி. அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் எங்கள் சாண்ட்லரிலிருந்து, அதே மாநிலத்தின் பழைய வெள்ளிச் சுரங்க ஊரான டூம்ஸ்டோன் போகலாம், ஓட்டல் வேண்டாம், ஆர்.வி. (படுக்கை, கழிவறையோடு வீடு போல இருக்கும் வண்டி) எடுத்துக்கொள்ளலாம் என்றது நான்தான். வீட்டில் இதை இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். தங்கள் சொந்த வண்டியை வாடகைக்கு விடுபவர்களுக்கான ஒரு இணையதளத்தில் பிடித்தோம். நாளுக்கு 100 மைல், 3 மணி நேரம் ஜெனரேட்டர் இலவசம், டெபாசிட் 1,000 டாலர்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியைக் கொடுத்தவர் அவசரத்தில் இருந்தார். பத்தே நிமிடம். என் பையன் உள்ளே இருந்த பலகையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எந்த விளக்கு எரிகிறது என்று என் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கழிவறைத் தொட்டிக்கு, அதாவது பிளாக் டேங்க்குக்கு, ‘நிறைந்துவிட்டது’ என்ற விளக்கு எரிந்தது. கேட்டேன். “சென்சார் பொய் சொல்லும், காகிதம் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான்” என்றார். உண்மையில் அப்படி நடப்பதும் உண்டு. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டூசான் போவதற்குள்ளேயே ஜெனரேட்டர் நின்றது. அதோடு கூரை ஏசியும். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில். பல வண்டிகளில் ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே பெட்ரோல் தொட்டியில்தான் குடிக்கின்றன. கால் தொட்டிக்குக் கீழே போனால், நடுவழியில் நிற்காமலிருக்க, ஜெனரேட்டருக்கு வரத்து நின்றுவிடும். அவர் கொடுத்ததே கால் தொட்டிக்குச் சற்று மேலே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஊர் நன்றாகவே இருந்தது. 1877-இல் எட் ஷீஃபெலின் வெள்ளி தேடிக் கிளம்பியபோது, “உனக்குக் கிடைக்கப்போவது கல்லறைக் கல்தான்” என்று கேலி செய்தார்களாம். வெள்ளி கிடைத்ததும் அந்த இடத்துக்கு அதையே, ஆங்கிலத்தில் ‘டூம்ஸ்டோன்’ என்று, பெயராக வைத்துவிட்டார். அலன் தெருவில் மரப் பலகை நடைபாதை, குதிரை வண்டி. கார்களுக்கே அனுமதி இல்லை, ஆர்.வி.யைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆர்.வி.கள் நிறுத்தித் தங்கும் பூங்காவில் விட்டுவிட்டு நடந்துதான் போகவேண்டும். 1881 அக்டோபர் 26-ஆம் தேதி நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை அந்தப் பெயருள்ள குதிரைக் கொட்டடிக்குள் நடக்கவே இல்லை, பக்கத்தில் ஃப்ரீமாண்ட் தெருவோரம் ஒரு குறுகிய காலி மனையில்தான் நடந்தது என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. சுமார் 30 விநாடி, மூன்று சாவு. அப்புறம் யார் முதலில் சுட்டது என்று ஒரு மாத விசாரணை.

மறுநாள் காலை வண்டிக்குள் நாற்றம் தாங்கவில்லை. பக்கத்து இடத்தில் நின்றிருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தொட்டியைக் காலி செய்யக் கழிவுக் குழாயை மாட்டக் கற்றுக்கொடுத்தார். நெம்புகோலை இழுத்தேன். வந்தது நாங்கள் நான்கு பேர் ஒரே இரவில் சேர்த்தது இல்லை, சத்தியமாக. முன்னால் எடுத்தவர்களின் மொத்த விடுமுறையும் வெளியே வந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே குனிந்து டயரைக் காட்டினார். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் 2213. அதாவது 2013-இன் 22-ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பகுதி தேய்ந்திருக்கவில்லை, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. திரும்பும்போது 55 மைல் வேகத்தைத் தாண்டவில்லை.

(வழியில் பென்சன் என்ற ஊருக்கு முன், நெடுஞ்சாலை 80-இல் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.)

திங்கள் மாலை வண்டியை விட்டோம். ஐந்து நாள் கழித்துக் கணக்கு வந்தது. கூடுதல் மைலுக்கு 41 டாலர், அது நியாயம். ஜெனரேட்டர் கூடுதல் 9 மணி நேரம், 36 டாலர். மொத்தமே மூன்று மணி நேரம்கூட ஓட்டவில்லை, ஆனால் மீட்டரின் தொடக்க எண்ணை நான் குறித்துவைக்கவில்லை. பிளாக் டேங்க் காலி செய்யாததற்கு 150. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால், அதே விளக்கின் படத்தை அனுப்புகிறார்! கொடுக்கும்போது பொய் சொன்ன சென்சார், வாங்கும்போது அரிச்சந்திரனாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் வெளிப்பந்தல் துணி கிழிந்ததற்கு 425. காற்றுக்குப் பயந்து அந்தப் பந்தலை நாங்கள் விரிக்கவே இல்லை. சுருட்டியிருந்ததால் கிழிசல் முன்பே இருந்ததா என்று பார்க்கவும் இல்லை.

பையனின் வீடியோவை அனுப்பியதும் 150 திரும்பியது. மற்றதற்கு “வண்டியை எடுக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா” என்று தளத்தார் கேட்டார்கள். இல்லை. கிரெடிட் கார்டு காப்பீடு கைகொடுக்கும் என்று நினைத்தேன்; என் கார்டில் ஆர்.வி.க்கு அது செல்லாது, பல கார்டுகளிலும் இதே கதைதான்.

ஆகவே எடுக்கப்போகிறவர்கள் அரை மணி நேரம் பிடித்தாலும் பரவாயில்லை, பந்தலை விரிக்கச் சொல்லுங்கள், தொட்டியை உங்கள் முன்னால் காலி செய்யச் சொல்லுங்கள், மைல் மீட்டர், ஜெனரேட்டர் மீட்டர், டயர் எண் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போன வாரம் அந்த வண்டியின் பழைய மதிப்புரைகளை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். மார்ச்சில் எடுத்த ஒருவர், “நல்ல வண்டி, பந்தல் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அதைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தளத்தாருக்கு அனுப்பி இன்றோடு ஆறு நாள்.