பிளஸ் ஒன்: கம்ப்யூட்டர் குரூப்பா, பயோ-மேக்ஸா?

என் மகள் பிளஸ் ஒன் சேரும்போது பயோ-மேக்ஸ் எடுக்கச் சொன்னவர்கள்தான் அதிகம். ‘ரெண்டு பக்கமும் வழி இருக்கும்’ என்றார்கள். உண்மைதான். கணிதத்தோடு உயிரியலும் படித்தால் நீட் எழுதலாம், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸிலும் சேரலாம். கம்ப்யூட்டர் குரூப் (கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல்) எடுத்தால் மருத்துவம், நர்சிங், கால்நடை மருத்துவம் பக்கம் நேராகப் போக முடியாது. தெரிந்தேதான் கம்ப்யூட்டர் குரூப்பை எடுத்தோம். அவள் பிளஸ் டூ முடித்துவிட்ட இந்த நேரத்தில் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். பிள்ளைக்கு டாக்டர் ஆசை இல்லை என்பது உறுதியாக இருந்தால்.

காரணம் நேரம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் எதுவானாலும் அதன் மதிப்பெண் இதில் சேராது. கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று குறையும். இயற்பியலில் போனால் அரைதான். அப்படியென்றால் கணிதத்துக்கு யார் அதிக நேரம் ஒதுக்குகிறார்களோ அவர்களுக்கே லாபம். ஸ்டேட் போர்டில் உயிரியல் என்பது தாவரவியல், விலங்கியல் என இரண்டு புத்தகம். படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும், பெயர்களை நெட்டுரு போட வேண்டும். பிளஸ் டூ கணினி அறிவியல் ஒரே புத்தகம். எங்கள் வீட்டில் மிச்சமான மாலை நேரமெல்லாம் கணிதத்துக்குப் போனது. பொறியியலுக்குப் போகப்போகிற பிள்ளை, கட்-ஆஃபில் சேராத பாடத்துக்கு ஏன் இத்தனை உழைப்பைக் கொட்ட வேண்டும்?

பாடத்தையும் குறைத்துச் சொல்லிவிட முடியாது. பிளஸ் ஒன்னில் சி++ என்ற புரோகிராம் மொழி. கணினியில் தமிழ் பற்றிக்கூட ஒரு பாடம் உண்டு. பிளஸ் டூவில் பைத்தான் என்ற இன்னொரு புரோகிராம் மொழி, தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்க்யூஎல், கடைசியில் தரவை வரைபடமாக்குவது வரை வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருந்தது. பயோ-மேக்ஸ் பிள்ளைகளும் கல்லூரியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்வார்கள்தான். ஆனால் லூப், ஃபங்ஷன் போன்ற புரோகிராம் அடிப்படைகளை ஏற்கெனவே எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அந்த வேகம் மிரட்டலாக இருக்காது.

பயோ-மேக்ஸ் யாருக்கு? பதினைந்து வயதில் இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீட் கோச்சிங்கையும் கணிதத்தையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி என்று அருகிலிருந்து பார்த்ததில்லை. சிபிஎஸ்இ பற்றியும் அனுபவத்திலிருந்து சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் அவசியம் விசாரியுங்கள். கணினி அறிவியலில் பிராக்டிகல் 20 மார்க். சில பள்ளிகளில் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் புரோகிராம்களை அப்படியே மனப்பாடம் செய்யவைத்து அதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். மார்க் வரும், புரோகிராம் எழுத வராது. அட்மிஷனுக்கு முன்பு அங்கே படிக்கிற பிளஸ் டூ பிள்ளை யாரையாவது பிடித்து, வாரத்தில் எத்தனை பீரியட் லேப், சிஸ்டம் எல்லாம் ஓடுகிறதா, தப்பு வந்தால் தானே திருத்தவிடுகிறார்களா என்று கேளுங்கள். லேப் பூட்டியே கிடக்கிற பள்ளி என்றால், கம்ப்யூட்டர் குரூப்புக்காக வேறு பள்ளி பார்ப்பதில் தப்பில்லை.