கடைசி டாலரா, முதல் டாலரா?

அமெரிக்காவில் 'கல்லூரி இலவசம்' என்று இரண்டு மாநிலங்கள் சொன்னால் இரண்டும் ஒன்றல்ல. டென்னசி பிராமிஸ் (2015 முதல்) கடைசி டாலர் திட்டம். ஏழை மாணவர்களுக்குக் கூட்டரசு தரும் பெல் உதவித்தொகையும் பிற உதவிகளும் கழிந்தபின் மிஞ்சும் கல்விக் கட்டணத்தை மட்டுமே மாநிலம் கட்டும். நியூ மெக்சிகோவின் ஆப்பர்ச்சுனிட்டி உதவித்தொகை 2022 சட்டப்படி முதல் டாலர்: முதலில் மாநிலம் கட்டிவிடும், பெல் தொகை மாணவர் கையில் நிற்கும்.

ஆண்டுக் கட்டணம் 4,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2024-25இல் பெல் உச்சவரம்பு 7,395. முழு பெல் பெறும் ஏழை மாணவருக்கு டென்னசி முறையில் மாநிலம் தருவது பூஜ்யம். பெல் இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கோ 4,500. விசித்திரமான கணக்குதான். முதல் டாலர் முறையில் அதே ஏழை மாணவர் 7,395ஐ வாடகைக்கும் புத்தகத்துக்கும் செலவிடலாம்.

மாணவர்கள் தவறுவது எங்கே? டென்னசியில் நிபந்தனைகளிலும் கெடுத் தேதிகளிலும். ஃபாஃப்சா (கூட்டரசு உதவிக்கான விண்ணப்பம்) படிவம், வழிகாட்டிக் கூட்டம், பருவத்துக்கு 8 மணி நேர சமூக சேவை, முழுநேரப் படிப்பு: ஒன்று விட்டாலும் தகுதி போகும். நியூ மெக்சிகோவில் பருவத்துக்கு 6 கிரெடிட் (பாட அளவு அலகு) எடுத்தாலே போதும், ஆனால் மதிப்பெண் சராசரி 4க்கு 2.5 வேண்டும்.

டென்னசிக்கு லாட்டரி நிதியின் அறக்கட்டளை இருக்கிறது. நியூ மெக்சிகோவில் ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கவேண்டும். அந்த மாநிலக் கஜானா எண்ணெய், எரிவாயு வருவாயை நம்பியது. பட்ஜெட் மசோதாவில் உதவித்தொகைக்கு ஒதுக்கிய தொகை தொடர் செலவா, ஒருமுறைச் செலவா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை என்றிருந்தால் அடுத்த ஆண்டு உறுதியில்லை.