கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்புரை: ஐபிஎம் இசட்பிஎன்ஏ

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே, சமவெளியில் இயங்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் (பெருங்கணினி) சேமிப்பகத்தைக் கவனித்து வருகிறேன். அங்கு இரவு பேட்ச் ஓட்டம், அதாவது மொத்தமாக வரிசையில் ஓடும் வேலைகள், காலையில் அலுவலகம் திறக்கும் நேரம் வரை இழுத்துக்கொண்டே போனபோது, புதிய டிஸ்க் வாங்குவதா, அதிவேக இணைப்பு வாங்குவதா என்ற பேச்சு எழுந்தது. எந்த வேலை எங்கே காத்துக் கிடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம் என்று எண்ணி, ஐபிஎம் நிறுவனம் இலவசமாக வழங்கும் இசட்பிஎன்ஏ என்னும் பேட்ச் பகுப்பாய்வுக் கருவியைக் கையில் எடுத்தேன். சில மாதங்கள் புழங்கிய பின் எழுதும் மதிப்புரை இது.

கருவி விண்டோஸ் கணினியில் ஓடுகிறது. மெயின்ஃப்ரேம் பக்கத்தில் ஒரு சிறிய பிரித்தெடுப்பு நிரல், எஸ்எம்எஃப் பதிவுகளை (மெயின்ஃப்ரேம் தன் இயக்கத்தைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை) படித்துச் சுருக்கி ஒரு கோப்பாகத் தருகிறது; அந்தக் கோப்பைத்தான் நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தாலே இணையம் போய்விடும் ஊரில் இருப்பவனுக்கு, மலைபோன்ற மூலப் பதிவுகளை இறக்காமல் சுருக்கத்தை மட்டும் இறக்கினால் போதும் என்பது சிறிய வசதியன்று. வாடிக்கையாளரின் கணக்கு விவரம் எதுவும் இந்தக் கோப்பில் இல்லை என்றாலும், ஜாப்களின் (பேட்ச் வேலைகளின்) பெயரும் டேட்டாசெட்டுகளின் (மெயின்ஃப்ரேம் கோப்புகளின்) பெயரும் வெளியே வருகின்றன என்பதால், எழுத்துப்பூர்வமான அனுமதி பெற்ற பிறகே இறக்கினேன்.

கோப்பைத் திறந்தவுடன் இரவு முழுவதும் ஓடிய ஜாப்கள் நேரக்கோட்டின் மீது பட்டைகளாக விரிகின்றன. எந்தப் பட்டை நீளமானது, எது முடியாததால் எது தொடங்கவில்லை என்பதெல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. புதிய பிராசசர் மாற்றினால் நேரம் எவ்வளவு குறையும் என்ற மதிப்பீடும் உண்டு. அது எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்குப் பயன்பட்டது டேட்டாசெட் பட்டியல்தான். மிக நீண்ட ஜாப் ஒன்றில், 80 பைட் பதிவுகள் கொண்ட ஒரு சாதாரண இடைநிலைக் கோப்பு, அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத ஐ/ஓ (டிஸ்கில் படிக்கும், எழுதும் செயல்) எண்ணிக்கையுடன் பட்டியலின் உச்சியில் நின்றது. தேடிப் பார்த்தால், அதை எழுதும், கோபோல் (COBOL) மொழியில் அமைந்த பழைய நிரலில் ‘பிளாக் கன்டெயின்ஸ் 0’ என்ற வரி விடுபட்டிருந்தது; அந்த வரி இல்லையென்றால் ஒரு பிளாக்கில் (டிஸ்கில் ஒரே மூச்சில் எழுதப்படும் தொகுதியில்) ஒரே ஒரு பதிவைத்தான் கோபோல் நிரல் எழுதும். அப்படி எழுதும்போது 3390 என்னும் மெயின்ஃப்ரேம் டிஸ்க் வகையின் ஒரு டிராக்கில் (தடத்தில்) 78 பதிவுகளே அடங்கும், ஏனெனில் பிளாக்குகளுக்கு நடுவே விட வேண்டிய இடமே டிராக்கின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதே பதிவுகளை 349 வீதம் சேர்த்து 27,920 பைட் பிளாக்காக எழுதினால் ஒரு டிராக்கில் 698 அடங்கும். பத்து லட்சம் பதிவுகளுக்குக் கணக்கிட்டால் 855 சிலிண்டர் (15 டிராக் சேர்ந்தது ஒரு சிலிண்டர்) பிடிக்கும் கோப்பு 96 சிலிண்டரில் முடிந்துவிடும். எழுத வேண்டிய பிளாக்குகளோ பத்து லட்சத்திலிருந்து 2,866 ஆகக் குறையும். ஒரு வரியைச் சேர்த்து, நிரலை மறுபடி கம்பைல் செய்ததற்குச் செலவு ஏதுமில்லை. மறுநாள் நேரக்கோட்டில் அந்த நீண்ட பட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விற்பனைப் பேச்சில் முதலிடம் பெற்றிருந்த இசட்ஹைப்பர்லிங்க் பற்றியும் இக்கருவி மதிப்பீடு தருகிறது. 2017 இல் இசட்14 மெயின்ஃப்ரேமுடன் வந்த இந்த அதிவேக இணைப்பு, பிராசசரையும் சேமிப்பகத்தையும் நடுவில் ஸ்விட்ச் ஏதுமின்றி நேரடியாக இணைக்கிறது. கேபிளின் நீளம் 150 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஐ/ஓ முடியும் வரை பிராசசர் வேறு வேலைக்குத் தாவாமல் அங்கேயே காத்திருப்பதால் வேலையை நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பும் இடைமுறிப்பின் செலவு மிச்சமாகிறது. ஆனால் கேட்ட தரவு சேமிப்பகத்தின் கேஷில் (வேக நினைவகத்தில்) இருந்தால்தான் இந்தப் பயன். இல்லையென்றால் கோரிக்கை வழக்கமான ஃபைகான் ஒளியிழை இணைப்புப் பாதைக்கே திரும்பிவிடும். டிபி2 தரவுத்தளத்தில் சிறு சிறு வாசிப்புகள் குவியும் இடங்களுக்கு இது அருமையான பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் இரவோ பெரும்பாலும் கோப்புகளை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்கும் இரவு, கருவி காட்டிய பட்டியலும் அதையே சொன்னது, அதனால் வாங்கவில்லை.

தரவைச் சுருக்கிச் சேமிக்க ஏற்ற டேட்டாசெட்டுகளையும் இது பொறுக்கித் தருகிறது. 2019 இல் வந்த இசட்15 முதல் சுருக்கும் வசதி பிராசசர் சிப்பிலேயே இருப்பதால் தனி அட்டை வாங்கத் தேவையில்லை.

குறை என்று சொன்னால், இது உள்ளது உள்ளபடி வழங்கப்படும் கருவி. முறையான ஆதரவு ஒப்பந்தத்தை எதிர்பார்க்கக் கூடாது. மேலும் இது ஜாப்பின் பக்கமிருந்து பார்க்கிறது. டிஸ்க் வாரியாகவும் சேனல் (தரவுப் பாதை) வாரியாகவும் நெரிசலை அறிய, மெயின்ஃப்ரேமின் செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப் அறிக்கையைத்தான் புரட்ட வேண்டும். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மலைப்பாதையில் வண்டி ஓடிய நேரம் வேறு, சாவடியில் வரிசையில் நின்ற நேரம் வேறு. ஆர்எம்எஃப் இவ்விரண்டையும் தனித்தனிப் பத்தியில் காட்டும். வரிசையில் நின்ற நேரம் மிகுதியென்றால் மருந்து வேகமான டிஸ்க் அன்று, ஒரே டிஸ்குக்கு ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை அனுப்ப உதவும் ஹைப்பர்பாவ் மாற்றுமுகவரிகளைக் கூட்டுவதே.

பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் தங்கள் எஸ்எம்எஃப் அமைப்பில் 14, 15, 30, 42 ஆகிய வகைகள் பதிவாகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த 14, 15 ஆகியவற்றை அணைத்து வைத்திருப்பது பல இடங்களில் வழக்கம். எங்களிடமும் அப்படித்தான் இருந்தது, அதனால் முதல் வாரம் டேட்டாசெட் பட்டியல் வெறுமையாகவே வந்தது. சாதாரண இரவு ஒன்றையும் மாதக் கடைசி இரவு ஒன்றையும் சேர்த்தே எடுங்கள்.