ஜெர்மனியில் குடித்தனம்: சில குளிர்காலங்கள் கழித்து

ஜெர்மனிக்கு வரப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் தபால் பெட்டியைப் பற்றித்தான் பேசுவேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுப் போனது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இங்கே வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்தில், வரி எண், காப்பீட்டு அட்டை, வாடகை உயர்வு, வேக அபராதம் என்று சகலமும் காகிதமாகத்தான் வந்து விழும். ஃப்ளாட்டுக்குக் கதவு எண் பெரும்பாலும் கிடையாது. பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியிருக்கும் பெயர்தான் அடையாளம். பெயர் ஒட்டவில்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. பாஸ்போர்ட்டில் என் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மகளுக்கு என் பெயர். ஆக, எங்கள் பெட்டியில் மூன்று பெயர்கள். மூன்று பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றே கீழ்வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தார். ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அங்கயாவது ஒழுங்கா நடந்துக்கோ" என்றார்.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியிருக்கும் சின்ன ஊர்களில் ஒன்று. கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்கிறவர்களும் நிறைந்த பகுதி. நான் எழுதுவதெல்லாம் இந்த ஸ்வாபியப் பக்கத்து அனுபவம். பெர்லின்காரர்கள் வேறு கதை சொல்வார்கள்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும்; சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கம் என்றோ எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்றோ நிரப்பினால் சர்ச் வரி பிடிப்பார்கள். கட்டும் வருமான வரியில் எங்கள் மாநிலமான பாடன்-வுர்ட்டெம்பர்க்கிலும் பவேரியாவிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. நாகர்கோவில் நண்பர் ஒருவருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. காணிக்கை என்று வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டார். வேண்டாமென்றால் தனியாக மனுக் கொடுத்து, கட்டணமும் கட்டித்தான் விலக வேண்டும். முகவரி பதிந்த கையோடு ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். தகராறு பண்ணிப் பயனில்லை, கட்டிவிடுங்கள்.

வீடு கிடைப்பது பெரும்பாடு. சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ஷூஃபா சான்று எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, அதே வீட்டைப் பார்க்க வந்த இன்னும் பத்துப் பேரோடு படிக்கட்டில் நிற்க வேண்டும். ஆனால் கிடைத்தபின் நிலைமை மாறிவிடுகிறது. முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு (சூடேற்றும் செலவு, தண்ணீர் எல்லாம் சேராதது) மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம், இது சட்டம். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு இது நம்பும்படியாகவே இல்லை. காலி வீடு என்றால் நிஜமாகவே காலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் சமையலறையில் குழாய் முனை மட்டும்தான் இருக்கும். அலமாரி, சிங்க், அடுப்பு எல்லாம் நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும், அல்லது காலி செய்கிறவரிடம் பேரம் பேசி எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை நெபன்கோஸ்டன், அதாவது வாடகை போக மற்றச் செலவுகளின் கணக்கு வரும். சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை, மாடிப்படி விளக்கு வரை பைசா சுத்தமாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். மாதாமாதம் கட்டியது போதவில்லையென்றால் மிச்சத்தைக் கேட்பார்கள். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். எங்களுக்கு ஒரு தடவை கெடு தாண்டி வந்தது. வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததால் அவர்கள் நாலு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்பினோம். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது வழக்கம்போல 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொன்னார். யாரும் குரலை உயர்த்தவில்லை, நாங்கள் தெரிந்தவர் யாரையும் பிடிக்கவுமில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிபாரிசு இல்லாதவனுக்கும் வழி இருக்கிறது, தேதியும் தாளும் கையில் இருந்தால். அதே காரணத்தால், தேதியைத் தவறவிட்டவனுக்கு இரக்கம் காட்டவும் ஆளில்லை.

வீட்டுக்குள் கற்க வேண்டிய முதல் வித்தை காற்று விடுவது. குளிர்காலத்தில் காலையும் மாலையும் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் வைக்க வேண்டும். பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். வெளியே மைனஸ் ஐந்து டிகிரி. காசு கொடுத்துச் சூடாக்கிய வீட்டைத் திறந்து போடுவதா என்று நமக்கு வயிறு எரியும். ஆனால் சுவரிலும் சாமான்களிலும் சூடு தங்கிவிடும், காற்று மட்டும்தான் மாறும். நாம் இட்லி வேகவைக்கிறோம், சாம்பார் கொதிக்கிறது, குக்கர் விசிலடிக்கிறது, துவைத்த துணி ஹாலிலேயே காய்கிறது. அந்த ஈரமெல்லாம் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவுக்குப் பின்னால் போய்ப் படியும். அங்கே கறுப்பாகப் பூஞ்சை பிடித்தால், காலி செய்யும்போது முன்பணத்தில் கை வைப்பார்கள். மலிவாக ஒரு ஈரமானி வாங்கி ஹாலில் வையுங்கள்; 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலுக்குப் போங்கள். எங்கள் வீட்டில் இட்லிப் பானையைத் திறந்ததும் அது 70-ஐத் தொடும், மகள் யாரும் சொல்லாமலே ஓடிப்போய்த் திறப்பாள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது கெயர்வொஹெ. இந்தப் பக்கத்து விசேஷம். மாடிப்படியைப் பெருக்கித் துடைக்கும் முறை வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். யார் முறையோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். வாரம் முடிந்ததும் அதைப் பக்கத்துக் கதவில் மாட்டிவிட வேண்டும். ஸ்டுட்கார்ட் மாநகராட்சி தன் விதியிலிருந்து இதை 1988-லேயே எடுத்துவிட்டது. வாடகை ஒப்பந்தங்களிலிருந்து யாரும் எடுக்கவில்லை. சின்ன முறை என்றால் உங்கள் தளத்துப் படிகள். பெரிய முறை என்றால் வாசல், நடைபாதை, நிலவறை, குப்பைத்தொட்டி வைக்கும் இடம். குளிர்காலத்தில் பனி கொட்டினால் காலை ஏழு மணிக்குள் நடைபாதையைத் தள்ளி விட்டிருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மேல்வீட்டுப் பாட்டி முதல் வாரமே வந்து எப்படிச் செய்வது என்று காட்டினார். மேலிருந்து கீழே, மூலையில் பிரஷ், கைப்பிடிக் கம்பிக்குத் தனித் துணி. தூசியே இல்லாவிட்டாலும் துடைக்க வேண்டுமாம். அவர் போனதும் என் மனைவி சிரித்தாள். தினமும் விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீட்டில் வளர்ந்தவள். "வாரத்துக்கு ஒரு தடவை பெருக்குறதுக்கா இவ்ளோ பில்டப்பு?" அந்த வாரம் அவள் தேய்த்த தேய்ப்பில் பாட்டியே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதிலிருந்து எங்கள் வீட்டு மிக்ஸி சத்தத்துக்குப் புகார் வந்ததில்லை. மற்றபடி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையிலும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுகிறவனை மன்னிக்கவே மாட்டார்கள். கிரைண்டரை மடித்த துண்டின் மேல் வைத்து சனிக்கிழமையே ஆட்டிவிடுவது நல்லது. இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் போதும். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. மாவு பொங்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள்.

ஞாயிறன்று கடைகள் கிடையாது. பேக்கரி சில மணி நேரம், ரயில் நிலையக் கடை, அவ்வளவுதான். முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு அந்த ஒரு நாள் யாரும் எதையும் விற்காத அமைதி பழகிவிடும். ஊருக்கு வந்தால்தான் அதன் அருமை தெரிகிறது. சனிக்கிழமை ஸ்டுட்கார்ட்டில் ஈழத்தமிழர் கடைக்குப் போவோம். முருங்கைக்காய், ராசவள்ளி, தேங்காய்ப் பூ எல்லாம் கிடைக்கும். "தம்பி, மரக்கறி வெள்ளிக்கிழமைதான் வாறது. அண்டைக்கு வந்தா நல்லதாப் பாத்து எடுக்கலாம்" என்பார் கடை அக்கா. எண்பதுகளில் வந்தவர். அப்போது கறிவேப்பிலைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பாரிசுக்கு ஆரும் போனாச் சொல்லி விடுவம்." இன்றைக்கு நாம் ப்ளூ கார்டில் (படித்தவர்களுக்கான வேலை அனுமதி) வந்து இறங்கியதும் கோவில், கடை, தமிழ்ப் பள்ளி எல்லாம் தயாராக இருக்கிறதென்றால் அவர்கள் அகதி முகாமிலிருந்து தொடங்கிக் கட்டியவைதான் பெரும்பாலும். ஹம் நகரில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோவில் தேர்த்திருவிழாவை ஒரு தடவையாவது பாருங்கள். தொழிற்பேட்டைச் சாலையில் தேர் வரும்.

மருத்துவத்துக்கு வருவோம். இங்கேதான் என் மதிப்பெண் இரண்டாகப் பிரிகிறது. அரசுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 14.6 சதவீதம், மேலே கொஞ்சம் கூடுதல். பாதி கம்பெனி கட்டும். வருமானமில்லாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். மகள் பிறந்தபோது பிரசவத்துக்கு ஒரு பில்லும் வரவில்லை. அதைவிட, வீட்டுக்கு வந்தபின் முதல் பத்து நாளும் ஹெபாமெ எனப்படும் மருத்துவச்சி தினமும் வந்தார். எடை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், பால் கட்டியதற்கு வழி சொன்னார், சமையலறையில் நின்று எனக்கும் இரண்டு வேலை சொன்னார். அம்மா விசா கிடைத்து வந்து சேர மூன்று வாரமானது. அந்த மூன்று வாரத்தை அவர்தான் ஓட்டிக்கொடுத்தார். காப்பீட்டிலேயே அடக்கம். கர்ப்பம் உறுதியானதுமே ஒருவரைப் பிடித்துவிடுங்கள், ஆள் தட்டுப்பாடு அதிகம்.

மறுபக்கம், தோல் டாக்டரையோ கண் டாக்டரையோ பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் ஊரில் சாயங்காலம் டோக்கன் வாங்கி ராத்திரியே ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிடுகிற பழக்கம் இங்கே செல்லாது. காய்ச்சலுக்கு ஹவுஸ்ஆர்ஸ்ட் எனப்படும் குடும்ப டாக்டரிடம் போனால் வெந்நீர் குடி, ஓய்வெடு என்பார். ஆன்டிபயாட்டிக் லேசில் எழுத மாட்டார். ஓய்வெடுக்க லீவு சீட்டும் தருவார், ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் உண்டு. முதல் இரண்டு வருடம் எனக்கு இது கோபத்தைத் தந்தது. இப்போது ஊருக்கு வரும்போது ஒரு சளிக்கு ஆறு மாத்திரை எழுதுவதுதான் விசித்திரமாகத் தெரிகிறது. அவசரமில்லாத ராத்திரித் தொல்லைகளுக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112. இரண்டையும் ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டுங்கள்.

ரயிலைப் பற்றி நிறைய சொல்ல வேண்டாம். ஜெர்மன் நேரந்தவறாமை என்று படித்ததை மறந்துவிடுங்கள். ஆறு நிமிடத்துக்குக் குறைந்த தாமதம் புள்ளிவிவரத்தில் தாமதமாகவே வராது. ஒரு மணி நேரம் தாமதமானால் பொதுவாக டிக்கெட் காசில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கேட்கலாம். மாதச் சீட்டான டாய்ட்ச்லான்ட் டிக்கெட் 2023-ல் 49 யூரோவுக்கு வந்தது, 2025-ல் 58, 2026-ல் 63. ஏறிக்கொண்டே போனாலும், நாடு முழுக்க எந்த நகரப் பேருந்திலும், வட்டார ரயிலிலும் ஏறலாம் என்பதால் இன்னும் லாபம்தான். காரில் போக நினைத்தால், இந்திய லைசென்ஸ் குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். அதன்பின் எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேறியாக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

மொழி இல்லாமல் ஐடி வேலை பார்த்துவிடலாம், வாழ முடியாது. என் அலுவலகத்தில் கூட்டமெல்லாம் ஆங்கிலத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில் ஜெர்மன். மனைவி உயிர்வேதியியல் முதுகலை முடித்தவள். பி2 என்ற மேல்நிலை ஜெர்மன் வகுப்பை முடிக்கும் வரை வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்தாள். நவம்பரில் நாலரைக்கு இருட்டிவிடும் ஊரில், பேச ஆளில்லாமல் கைக்குழந்தையோடு இருப்பது என்னவென்று சம்பளத்தைக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் யோசிப்பதில்லை. கணவனுக்கு மட்டும் வேலை உறுதியாகி இருவரும் கிளம்புவதாக இருந்தால், மனைவி ஊரிலேயே அதற்கு முந்தைய நிலையான பி1 வரை படித்துவிட்டு வருவது நல்லது. வரவைவிட இதுதான் முக்கியம் என்பேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்தால் கீட்டா எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்க 2013 முதல் சட்டப்படி உரிமை உண்டு. உரிமை இருக்கிறது, இடம்தான் இல்லை. வயிற்றில் இருக்கும்போதே பதிந்து வைக்கிறவர்கள் உண்டு.

கடைசியாகப் பாஸ்போர்ட். ப்ளூ கார்டில் இருப்பவர் பி1 தேறினால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டுமென்றால் 27 மாதம். 2024 ஜூன் 27 முதல் குடியுரிமைக்கு எட்டு வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் போதும். குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வியில் 17-க்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும். கேள்விகள் முன்கூட்டியே வெளியாகியிருப்பதால் அது பெரிய விஷயமில்லை. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்கிறது, இந்தியா ஒத்துக்கொள்ளாது. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். ஓசிஐ இருந்தால் விசா வேண்டாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் தோப்பை ஒட்டி ஒரு ஏக்கர் விலைக்கு வருகிறது என்று போன பொங்கலிலிருந்து பேச்சு. நான் மனுப் போட்டுவிட்டேன். மனைவி நிரந்தரக் குடியிருப்போடு நிறுத்திக்கொண்டாள், தோப்பு விவகாரம் முடியட்டும் என்று.