பல் கிளினிக்கை இடம் மாற்ற உதவும் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்புரை

இரண்டு நாற்காலிகளுடன் இயங்கிவந்த எங்கள் பல் கிளினிக்கை நான்கு நாற்காலிகள் கொண்டதாக விரிவாக்கி வேறு கட்டடத்துக்கு மாற்றுவதென்று முடிவானபோது, மருத்துவப் பயன்பாட்டுக்கான இடங்களைத் தேர்ந்தெடுத்து வடிவமைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்திக்கொண்டோம். இடத்தேர்வு, வரைபடம், வாடகைப் பேச்சுவார்த்தை, உள்வேலை மேற்பார்வை, இடப்பெயர்வு ஆகிய அனைத்தையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய சேவையில் எந்தப் பகுதிக்குப் பணம் கொடுப்பது தகும், எந்தப் பகுதியை நாமே கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இடம் மாற எண்ணும் பல் மருத்துவர்களுக்குப் பயன்படும். என் மதிப்பீட்டில் இடத்தேர்வில் அவர்கள் மிகச் சிறந்தவர்கள். மற்றவற்றில் அந்தத் தரம் இல்லை.

சாதாரண வீட்டு, கடைத் தரகரிடம் போனால் பரப்பளவு, வாடகை, வாகன நிறுத்தம் என்ற மூன்றையும் விசாரித்துவிட்டுக் காலி இடங்களைக் காட்டத் தொடங்கிவிடுவார். இவர்கள் முதலில் கேட்டது எத்தனை நாற்காலிகள், எந்தெந்த எக்ஸ்ரே கருவிகள், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் வாயில் சேரும் நீரை உறிஞ்சும் சக்‌ஷன் மோட்டாரும் எங்கே நிற்கும் என்பவற்றை. ஒவ்வொரு பல் நாற்காலிக்கும் தண்ணீர், அழுத்தக் காற்று, சக்‌ஷன், கழிவுநீர், மின்சாரம், கணினி இணைப்பு ஆகிய ஆறும் தரைக்கு அடியிலிருந்து நாற்காலியின் காலடிக்கு வந்து சேர வேண்டும். ஆகவே ஓர் இடம் கிளினிக்குக்கு ஏற்றதா என்பதைச் சுவரும் சன்னலும் முடிவுசெய்வதில்லை, தரையே முடிவுசெய்கிறது. தரைத்தளமாக இருந்தால் தளத்தை வெட்டிக் குழாய்களைப் புதைத்துவிடலாம். மேல்மாடியாக இருந்தால் கான்கிரீட் தளத்தைத் துளைத்துக் கீழ்வீட்டுக்காரரின் கூரையடியில் குழாய்களைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அவருடைய ஒப்புதலும் பின்னாளில் பழுது பார்க்க அவருடைய வாசலும் தேவைப்படும். தளத்துக்குள் இழுவிசையேற்றிய எஃகுக் கம்பிகள் இருக்குமானால், அவற்றை அறியாமல் துளைப்பது கட்டடத்துக்கே ஆபத்து. அதனால் கட்டமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காத எந்த இடத்தையும் அவர்கள் எங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

எங்கள் அனைவருக்கும் பிடித்துப்போன ஓர் இடம் மேல்மாடியில், முகப்பு முழுவதும் கண்ணாடியாக, நல்ல வெளிச்சத்துடன் இருந்தது. தளத்தைத் துளைக்க உரிமையாளர் ஒப்பவில்லை என்பதால், தரையை உயர்த்தி அதற்கடியில் குழாய்களை ஓட்டலாமே என்று நான் கேட்டேன். அவர்கள் அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு எண்பதுக்கு ஒன்று என்ற மெல்லிய சாய்வைக் கொடுத்தாலும், கடைசி நாற்காலியிலிருந்து பத்து மீட்டர் ஓடும் குழாய் 12.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். குழாயின் தடிமனையும் சேர்த்தால் தரை 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பதால், 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அந்தச் சாய்தளம் வரவேற்பறையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்த ஒரு கணக்குக்காகவே அவர்களுடைய கட்டணத்தை மனமுவந்து கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டிருந்தால் எங்களுக்கு மீளும் வழி இருந்திருக்காது.

எக்ஸ்ரே விஷயத்திலும் அதே கவனம் இருந்தது. பல்லுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கும் சிறிய கருவியோடு முப்பரிமாணப் படம் தரும் சிபிசிடி கருவியையும் வைக்க எண்ணியிருந்தோம். சுவர்களுக்கு எவ்வளவு ஈயத் தடுப்பு வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது மட்டுமன்று. ஒரு வாரத்தில் எத்தனை படங்கள் எடுப்போம், சுவர் எவ்வளவு தொலைவில் உள்ளது, சுவருக்கு அப்பால் யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பவையும் கணக்கில் வரும். சுவருக்கு அப்பால் படிக்கட்டு இருப்பதும், நாள் முழுவதும் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் மேசை இருப்பதும் ஒன்றல்ல. மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும்கூட இப்படியே பார்க்க வேண்டும். தகுதி பெற்ற கதிர்வீச்சு வல்லுநரிடம் இந்தக் கணக்கை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கித் தந்தார்கள். பல கிளினிக்குகளில் உள்வேலை முடிந்து வண்ணம் பூசிய பிறகுதான் இந்தப் பேச்சே எழுகிறது என்பதை நான் அறிவேன்.

இயந்திர அறைக்கும் அவர்கள் தனிக் கவனம் கொடுத்தார்கள். கம்ப்ரஸர் உள்ளிழுக்கும் காற்றுதான் நோயாளியின் வாய்க்குள் போகிறது. ஆகவே அது எண்ணெய் இல்லாத வகையாக இருக்க வேண்டும் என்பதோடு, சக்‌ஷன் மோட்டார் வெளியேற்றும் காற்று அதன் அருகில் வராதபடியும் பார்க்க வேண்டும். சக்‌ஷன் வெளியேற்றத்தைத் தனிக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக வழி உள்ளதா என்று ஒவ்வோர் இடத்திலும் பார்த்தார்கள். பழைய பாதரச அடைப்புகளை அகற்றும்போது வரும் துகள்கள் சாக்கடைக்குப் போகாமல் தடுக்கும் அமால்கம் பிரிப்பான் வைக்கவும் இடம் ஒதுக்கினார்கள். ஐஎஸ்ஓ 11143 தரநிலை இந்தக் கருவி குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்கிறது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2017 முதல் நடைமுறையில் இருக்கும்போது, புதிதாக அமைக்கும் கிளினிக்கில் இதை விட்டுவிடுவதற்கு நியாயமே இல்லை.

வரைபடத்தைப் பற்றிச் சொல்லும்போது பாராட்டோடு குறையும் சேர்ந்தே வருகிறது. எங்களுடன் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் இடக்கை பழக்கமுள்ளவர். வலக்கை மருத்துவர் நோயாளியின் தலையைச் சுற்றிக் கடிகாரத்தின் 7 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட பகுதியில் அமர்ந்து வேலை செய்வார். உதவியாளரின் இடம் 2 மணி முதல் 4 மணி வரை. இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறும். இதைச் சொன்ன உடனேயே இரண்டு அறைகளை இருபுறமும் சமமாக அமைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நுழையும்படி வரைந்து கொடுத்தார்கள். பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அறையின் சுவருக்கு அடர்நிறம் வேண்டாம் என்றும் அவர்களாகவே சொன்னார்கள். ஆனால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அறையை இரண்டு நாற்காலிக் கிளினிக்குக்குரிய அளவில், ஒரே கதவுடன் வரைந்திருந்தார்கள். பயன்படுத்திய கருவி ஒரு பக்கம் நுழைந்து, கழுவப்பட்டு, உறையிடப்பட்டு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 134 டிகிரி வெப்பத்தைக் கடந்து, மறுபக்கம் வெளியேற வேண்டும். தூய்மையானதும் அழுக்கானதும் ஒரே மேசையில் சந்திக்கவே கூடாது. நாற்காலிகளை இரட்டிப்பாக்கி, கிருமிநீக்க அறையைப் பழைய அளவிலேயே விட்டுவைத்தால் விரிவாக்கத்தின் பொருளே போய்விடும். சேமிப்பறையைக் குறைத்து இதைத் திருத்தச் சொன்னோம். திருத்தினார்கள், ஆனால் நாங்கள் கேட்ட பிறகுதான்.

வாடகைப் பேச்சுவார்த்தையில் அவர்களுடைய திறமை பாதியிலேயே நின்றுவிட்டது. உள்வேலை நடக்கும் காலத்துக்கு வாடகை விலக்கு வாங்கித் தந்தார்கள். வேலை நேரத்துக்கு வெளியேயும் கட்டடத்துக்குள் செல்லும் உரிமையை எழுத்தில் பெற்றுத் தந்தார்கள். ஆனால் குத்தகை முடியும்போது இடத்தைப் பழைய நிலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவை அவர்கள் கவனிக்கவே இல்லை. ஒரு துணிக்கடைக்கு அது அலமாரிகளைக் கழற்றுவதோடு முடிந்துவிடும். பல் கிளினிக்குக்கோ தரையை மீண்டும் உடைத்து, குழாய்களைப் பிடுங்கி, ஈயச் சுவர்களை அகற்றுவதாகும். நாளை கிளினிக்கை வேறொரு மருத்துவருக்கு விற்க நேர்ந்தால் குத்தகையை அவர் பெயருக்கு மாற்றும் உரிமையும் வரைவில் இல்லை. தரைக்கடியில் புதைத்த முதலீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், அந்த உரிமை இல்லாத கிளினிக்குக்கு விற்பனை மதிப்பே குறைந்துவிடும். இரண்டையும் கண்டுபிடித்துத் திருத்தியவர் எங்கள் வழக்கறிஞர்.

கட்டண முறையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இடத்தேர்வுக்கு நிலையான தொகையும், உள்வேலைக்கு மொத்தச் செலவில் குறிப்பிட்ட விழுக்காடும் வாங்குகிறார்கள். செலவு கூடக் கூட ஆலோசகரின் வருமானமும் கூடும் என்ற ஏற்பாட்டில், நல்ல நிலையில் இருக்கும் பழைய நாற்காலிகளை மாற்றிவிடலாம் என்ற பரிந்துரை வரும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர்கள் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனாலும் அந்த ஐயத்துக்கு இடம் கொடுக்கும் முறையே தவறானது. நாங்கள் பழைய நாற்காலிகளைப் பழுதுபார்த்துக் கொண்டுவந்தோம். அவை நன்றாகவே இயங்குகின்றன. இதே நிறுவனத்தை நாடுபவர்கள் உள்வேலை மேற்பார்வைக்கும் நிலையான தொகையையே கேட்க வேண்டும்.

இடப்பெயர்வு அட்டவணையில் பொருட்கள் இருந்தன, நோயாளிகள் இல்லை. வேர் சிகிச்சை பாதியில் இருப்பவர், பல்லுக்குத் தற்காலிகக் கவசத்தோடு காத்திருப்பவர், கம்பி கட்டியிருப்பவர் ஆகியோரின் பட்டியலை எடுத்து, கிளினிக் மூடியிருக்கும் இடைவெளிக்கு முன்பாக அவர்களின் வேலையை ஒரு பாதுகாப்பான கட்டத்துக்குக் கொண்டுவருவதை முழுக்க எங்கள் வரவேற்பாளர்தான் செய்தார். கழற்றி மாட்டிய நாற்காலிகளின் நீர்க்குழாய்களில் தேங்கிய தண்ணீரில் கிருமிப் படலம் வளரும் என்பதையும் அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை. மருந்திட்டுக் கழுவி, ஒரு மில்லிலிட்டரில் 500 கிருமித் திரள்களுக்கு மேல் இல்லை என்று ஆய்வில் உறுதியாகும் வரை அந்த நாற்காலிகளில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்தியதால் திறப்பு தள்ளிப்போனது.

திறந்த பிறகும் அவர்கள் அழைத்தால் வருகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு நாற்காலியில் சக்‌ஷன் வலுவிழந்தபோது, தரையை மூடுவதற்கு முன் அளவுநாடா வைத்து எடுத்த புகைப்படங்களைக் கொண்டுவந்து, குழாய் வளையும் இடத்தைச் சரியாகக் காட்டி, ஒரே ஒரு தரைக்கல்லை மட்டும் பெயர்த்துச் சரிசெய்தார்கள். அந்தப் படங்களின் பிரதியை எங்களுக்கும் கேட்டு வாங்கியிருக்கிறோம். யாரை அமர்த்தினாலும், தரையை மூடும் முன் இத்தகைய படங்களை எடுத்துக் கிளினிக்கிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.